நான்காம் பாடல், மூன்றாம் அடிக்கு முன்

பிப்ரவரி 4

அன்புள்ள கொசுவுக்கு,

அண்ணன் எழுதும் மடல். நானும் உன் அண்ணியும் நலம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறையிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குறையின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் முழுவதும் விளக்கடியில் குனிந்து ஊராருக்குப் பல் செட் செய்துகொண்டிருந்தால் கழுத்து வேறென்ன செய்யும்?

இந்த ஆண்டின் முதல் இசைத்தட்டான எண் ஒன்றை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பெண் குரல், பியானோ, பதினோரு பாடல்கள், நாற்பத்து மூன்று நிமிடம். குரலில் குறையில்லை, குறை வரிசையில் இருக்கிறது. ஆல்பம் என்பது பாடல்களைக் கட்டிய மூட்டை அன்று. இந்த அம்மையார் முதல் பாடலிலேயே விடைபெற்றுக்கொண்டு, பிறகு பத்துப் பாடல்களுக்கு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறார். ஆயினும் ஏழாம் பாடலில் பியானோக்காரர் வலக்கையை எடுத்துவிட்டு இடக்கையால் மட்டும் வாசிக்கிறார். அந்த வெறுமை அபாரம். அதற்காகவே தேர்ச்சி. இருபதுக்குப் பன்னிரண்டரை.

நீ உறையையும் பெயரையும் நீக்கி, வெள்ளைத் தாளில் எண் மட்டும் எழுதித் தட்டுகளை அனுப்புவதும், நான் கேட்டுக் கருத்து எழுதுவதும் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இம்முறை எண்ணுக்குக் கீழே "இது உனக்குப் பிடிக்கும்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறாய். இது முறையன்று. ஆகவே விதிகளை மறுபடி எழுத நேர்கிறது. ஒரு தட்டை மூன்று வெவ்வேறு நாட்களில், ஹெட்போன் வைத்து, மும்முறை கேட்பேன்; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கருத்து அஞ்சலில் சேரும் வரை பாடியவர் யார் என்று எனக்குத் தெரியக் கூடாது. பன்னிரண்டுக்குக் கீழே தேர்ச்சியில்லை. எழுதிய மதிப்பெண்ணை மாற்றுவதும் இல்லை. நான்காவது, பிடித்துப்போயிற்று என்பதற்காகத் தட்டை வைத்துக்கொள்ள மாட்டேன். கருத்தோடு அதுவும் திரும்பிவிடும். ஐந்தாவது, பாடியவர் எனக்குத் தெரிந்தவர் என்று ஐயம் எழுந்தால் அக்கணமே நிறுத்தி, மதிப்பெண் இடாமல் அனுப்பிவிடுவேன். எங்கள் எடை அளவு அலுவலகத்திலும் இதுவே நடைமுறை. என் உறவினர் கடைத் தராசை நான் சோதிக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரர்தான் சோதிக்க வேண்டும்.

ஆறாவது விதி உனக்கு. பெற்றவர்களை விட்டுப் போனவரைப் பற்றி உன் கடிதங்களில் ஒரு வரியும் வேண்டாம். அவர் உன் வீட்டு மாடியறையில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொசு எழுதிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். கழுத்து அதன் இடத்தில் இருக்கிறது, வலியும் அதன் இடத்தில் இருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்கு ஒரு பட்டை அனுப்பியிருக்கிறேன். "எதுக்கு வீண் செலவு" என்று நீ முகம் சுளிப்பதற்கு முன்னால் அவளிடம் கொடுத்துவிடு.

பென்சில் எழுத்துக்கு மன்னிப்பு. நீதிபதியிடம் சாட்சியைக் கலைத்தது குற்றம்தான். எண் ஒன்றைப் பற்றி இப்போது சொல்லலாம் அல்லவா? அந்த அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. பியானோ வாசித்தவர் அவருடைய கணவர். ஏழாம் பாட்டைப் பதிவு செய்ய வேண்டிய நாளில் கார்க் கதவில் நசுங்கி அவருக்கு வலக்கை முழுக்கக் கட்டு. வேறு நாள் கிடைக்காததால் ஒரு கையோடு வாசித்தாராம். நீ தேர்ச்சி போட்டது ஒரு காயத்துக்கு, அண்ணா. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஐந்தாம் விதியை நான் முன்பு கேள்விப்பட்டதில்லையே. மூன்று வருடத்துக்கு முன்னால் அது இருந்திருந்தால் எத்தனையோ பேருக்கு நன்றாக இருந்திருக்கும். யாருக்கு என்று நான் எழுதவில்லை. இங்கே ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல் என்பதையும், யாருக்கு என்று சொல்லாமல், பொதுவாக எழுதி வைக்கிறேன். விதியை மீறவில்லை, பார்த்துக்கொள்.

எண் இரண்டு, எண் மூன்று இத்துடன். இரண்டிலும் பென்சில் படவில்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

கொசு


மார்ச் 10

அன்புள்ள கொசுவுக்கு,

பட்டை கிடைத்தது, உன் அண்ணி அணிந்துகொண்டு இரண்டு நாளாக மாடிக்குத் துணி காயப்போட ஏறுகிறாள். நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

எண் இரண்டு மேடைப் பதிவு. நான்கு பேர் ஊதுகிறார்கள், ஒருவர் தட்டுகிறார். ஊதுபவர்களில் ஒருவர் மற்ற மூவரைவிட நன்றாக வாசிக்கிறார் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது, கெட்டது அதனால்தான். பாடல் முடியுமுன் கைதட்டுகிறார்கள். கைதட்டலைக் கேட்க நான் இசைத்தட்டுப் போட வேண்டியதில்லை. அலுவலகத்தில் ஓய்வு பெறுபவர்களுக்கு மாதம் ஒரு முறை நானே தட்டுகிறேன். ஒன்பது. எண் மூன்று வயலின் மட்டும். ஒருவர் தனி அறையில் யாரும் கேட்கவில்லை என்று எண்ணி வாசித்தது போல் இருக்கிறது. ஐந்தாவதில் நாற்காலி கிறீச்சிடுகிறது; கழிக்கவில்லை, ஏனெனில் அது சுருதியில் இருந்தது. பதினைந்து. இந்த ஆண்டின் உயர்ந்த மதிப்பெண் இது.

ஐந்தாம் விதியைப் பற்றிக் கேட்டாய். அது பிற்பாடு சேர்த்தது. நடந்ததை நீ வேறு வாயால் கேட்டிருப்பாய்; என் வாயாலும் ஒரு முறை கேட்டுக்கொள். அவர் தம் முதல் பதிவை என் மேசையில் வைத்து, "எல்லாருக்கும் எழுதற மாதிரியே எழுதுங்கப்பா" என்றார். எல்லாருக்கும் எழுதுவது போலவே எழுதினேன். ஏழு. கருத்து எழுதிய அட்டையை அவர் மேசையில் வைத்தேன். மறுநாள் காலையில் அட்டை இருந்தது, ஆள் இல்லை. அந்த அட்டையை உன் அண்ணி எங்கே வைத்தாள் என்று நான் கேட்டதில்லை. ஏழு என்பது அன்றும் சரி, இன்றும் சரி. நான் எழுதியது மட்டுமே தவறு, அதற்காகவே விதி.

அலுவலகத்தில் ஆண்டு முடிவுச் சோதனை. தேறாத எடைக்கற்களின் மேல் குறுக்காக இரண்டு கோடு வெட்டுகிறோம். வெட்டாமல் விட்டால் எவராவது எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள். ஒரு வாரமாக வெட்டி வெட்டி மணிக்கட்டு நோகிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்

பின் குறிப்பு: இருமல் என்று எழுதியிருந்தாய். வறட்டு இருமலா, சளியோடு கூடியதா? பொதுவாகக் கேட்கிறேன். ஆவி பிடிக்க வேண்டாம். அந்த உடம்புக்கு ஆவி ஆகாது.


மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அண்ணியும் நலமா?

இருமல் நின்றுவிட்டது. ஆவி பிடிக்கவில்லை.

எண் நான்கு இத்துடன். உறையில் எண்ணைத் தவிர எதுவும் இல்லை. மூன்று நாள், மூன்று முறை கேள். இந்த ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுது, அண்ணா. காத்திருக்கிறோம்.

கொசு


மே 19

அன்புள்ள கொசுவுக்கு,

தாமதத்துக்கு வருந்துகிறேன். ஏப்ரல் முழுவதும் சந்தைச் சோதனை. அதன் பின் ஹெட்போன் பழுதாகிப் புதியது வாங்க வேண்டியதாயிற்று. நீயும் மாப்பிள்ளையும் உடல்நலத்தோடு இருக்கிறீர்களா? நான் நலம். உன் அண்ணியும் நலம். அதிகம் பேசுவதில்லை.

எண் நான்கு. ஆண் குரல், வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்கலாம். கிட்டார், இரண்டு பாடல்களில் செல்லோ. எட்டுப் பாடல்கள், முப்பத்தாறு நிமிடம். வரிசையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒன்பது ஆண்டுகளில் இவ்வாறு எழுதுவது இது இரண்டாம் முறை. உரத்துப் பாட வேண்டிய இடங்களில் இவர் ஒரு படி இறங்கி நின்றுகொள்கிறார். கற்றுக்கொண்ட அடக்கமா, இயலாமையா என்று துணிந்து கூற முடியவில்லை. சொற்களில் கோபம் இருக்கிறது, குரலில் இல்லை. ஆறாம் பாடல் தாயை விளித்துப் பாடப்படுகிறது, தேவையற்றது. நான்காம் பாடலில், மூன்றாம் அடிக்கு முன், பாடுபவர் மூச்சை இழுக்கும் ஒலி அப்படியே பதிவாகியிருக்கிறது. இழுப்பின் முடிவில் சன்னமான சீழ்க்கை ஒன்றும் கேட்கிறது. ஒலிப்பதிவாளர் இதை நீக்கியிருக்க வேண்டும். கவனக்குறைவு. இதற்காக ஒரு மதிப்பெண் கழிக்கிறேன். பன்னிரண்டில் ஒன்று போகப் பதினொன்று. தேறவில்லை.

தட்டையும் கருத்து அட்டையையும் இத்துடன் திருப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனமில்லை. ஆறாம் விதியை மீறப்போகிறேன். தண்டனையை நீயே எழுதிக்கொள்.

எண் நான்கு உன் பிள்ளை.

ஒன்றரை வருடம் உழைத்து அந்த எட்டுப் பாட்டையும் செய்தான். பகலில் கடை கடையாகப் போய் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன், சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து செய்தான். முடித்ததும் என்னிடம் வந்தான். "பேர் தெரியாம கேட்கட்டும் அத்தை. பன்னெண்டு வந்தா நானே போய் அந்த வாசல்ல நிக்கறேன். வரலைன்னா இந்தப் பேச்சை இனிமே யாரும் எடுக்கக் கூடாது" என்றான். நான் ஒத்துக்கொண்டேன். பேர் தெரியாமல் கேட்டால் நீ நியாயமாகக் கேட்பாய் என்று நம்பினேன். ரயில் டிக்கெட்டைக்கூட முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தான், அண்ணா. மூன்று முறை தேதியைத் தள்ளிப்போட்டான், உன் ஏழு வாரத்துக்காக.

உன் அட்டையை அவனே வாங்கி நின்றபடி இரண்டு தடவை படித்தான். பிறகு, "ஏழுலேருந்து பதினொண்ணு. இன்னும் மூணு வருஷம் போனா பன்னெண்டு வந்துடும் அத்தை" என்று சிரித்தான். எனக்குக் கையில் இருந்த பல் கீழே விழுந்து உடைந்தது. அதை மறுபடி செய்து கொடுத்தேன். டிக்கெட்டை அன்றைக்கே ரத்து செய்துவிட்டான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சீழ்க்கை உனக்குத் தெரியவில்லையா? அவனைத் தூக்கி வளர்த்தவன் நீ. இரண்டு அறை தள்ளிப் படுத்திருந்த எனக்கே இன்னும் காதில் இருக்கிறது.

கொசு


ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்தேன். எண் நான்கு யாருடையது என்பது எனக்கு எவ்வாறு தெரிந்திருக்க முடியும்? மூன்றாண்டுகளில் குரல்கள் மாறும். சீழ்க்கை ஒலிப்பதிவுக் கருவியின் கோளாறாகவும் இருந்திருக்கலாம். இவ்விஷயத்தில் விதியை மீறியவள் நீ. தெரிந்தவரின் தட்டு என்பதை அறிந்தே அனுப்பினாய். அனுப்பி, என் தலையில் ஒரு தீர்ப்பைக் கட்டினாய். பெயர் தெரிந்திருந்தால் ஐந்தாம் விதிப்படி விலகியிருப்பேன். எல்லோருக்கும் நல்லதாக முடிந்திருக்கும்.

எழுதிய மதிப்பெண் மாறாது. பதினொன்று என்பது இழிவான எண் அன்று. எத்தனையோ பெயர் பெற்றவர்களுக்கு எட்டும் ஒன்பதும் எழுதியிருக்கிறேன். இதை அவரிடம் நீ கூறலாம். நான் கூறச் சொன்னதாகக் கூற வேண்டாம்.

மழை தொடங்கிவிட்டது. இரவில் மாடியறை ஜன்னலை மூடி வைப்பது எல்லோருக்கும் நல்லது.

அண்ணன்

பின் குறிப்பு: எண் நான்கு உன்னிடம் பத்திரமாக இருக்கிறதா? ஆவணத்துக்காகக் கேட்கிறேன்.


ஆகஸ்ட் 30

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் நலமே.

என் இசைத்தொகுப்பு இம்மாதம் வெளியாகிவிட்டது. தங்கள் பார்வைக்கு ஒரு பிரதியை, இம்முறை பெயரோடும் உறையோடும், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தங்கள் கருத்து அட்டை மிகவும் பயன்பட்டது. நான்காம் பாடலை மறுபடி பதிவு செய்தோம். மூன்றாம் அடிக்கு முன் இருந்த குறை முழுமையாக நீக்கப்பட்டுவிட்டது. ஒலிப்பதிவாளர் அது இருக்கட்டும் என்றுதான் கூறினார். தாங்கள் கூறியதே சரி என்று நான் அவருக்கு விளக்கினேன்.

ஆறாம் பாடல் தேவையற்றது என்று குறித்திருந்தீர்கள். அதை மட்டும் நீக்க இயலவில்லை. அம்மா நீக்க வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் நூலகத்துக்குச் செல்லும் நேரத்தில் அவர் என்னோடு பேசுவது வழக்கம். மூன்றாண்டுகளாகத் தங்களுக்குத் தெரியாமல் நடப்பதை இப்போது தெரிவிப்பதே முறை.

மறுமதிப்பீடு கோரவில்லை.

இப்படிக்கு,
எண் நான்கு


செப்டம்பர் 6

அன்புள்ள கொசுவுக்கு,

நான் நலம். உன் அண்ணி வியாழக்கிழமை ரயிலில் உன் ஊருக்குப் புறப்படுகிறாள். இரண்டு வாரம் என்கிறாள். மூன்று மூக்குக் கண்ணாடிகளையும் பெட்டியில் வைத்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு எவரும் மூன்று கண்ணாடி எடுத்துப் போவதில்லை. ஸ்டேஷனுக்கு வரும்போது முழங்காலை நினைவில் வைத்துக்கொள். படிக்கட்டு இல்லாத வாசல் வழியாக அழைத்துப் போ.

ஜூன் மாதம் நான் எழுதிய பதிலில் ஓர் உண்மை விடுபட்டிருக்கிறது. அது பொய்க் கடிதம் என்று எழுதுவதே சரி.

முதல் நாள், முதல் பாடல், முதல் அடி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. விதிப்படி அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மும்முறை கேட்டேன் என்பதும் பொய். ஏழு வாரம் நாள்தோறும் கேட்டேன். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

அந்த மூச்சை நான் அறிவேன். நான்கு வயதிலிருந்து பதினொரு வயது வரை, அவனுக்கு இழுப்பு வரும்போதெல்லாம் என் மார்பில் அவன் முதுகைச் சாய்த்து உட்கார வைத்து, அலுவலக ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்து எண்ணியிருக்கிறேன். நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டினால் மருத்துவமனை. ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் அந்தச் சீழ்க்கை வரும். அது வந்தால்தான் காற்று உள்ளே போயிற்று என்று பொருள். அது வரத் தாமதித்த நொடிகளில் நான் என்ன ஆனேன் என்று யாரிடமும் கூறியதில்லை. இருபது ஆண்டுக்குப் பிறகு அதே சீழ்க்கை ஹெட்போனில், காதுக்கு உள்ளேயே வந்தது. அதற்குப் பின் பாடலின் மற்ற பகுதி எனக்குக் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே போனேன்.

ஹெட்போன் பழுதாகவில்லை. ஒரு நாள் பிற்பகல் நானே அதைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். உன் அண்ணி கேட்கட்டும் என்றுதான் வைத்தேன். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் ஈரக் கையோடு வந்து கதவருகே நின்றாள். "யாருங்க பாடறது?" என்றாள். "எண் நான்கு" என்றேன். பாடல் முடியும் வரை நின்றாள். பிறகு, "எண் நாலு நல்லாப் பாடறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் என்னோடு முழு வாக்கியமாகப் பேசியது அதுவே கடைசி.

முதலில் பதின்மூன்று என்று எழுதினேன். பிறகு பன்னிரண்டு. அதில் என் பாசம் எவ்வளவு கூட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தராசு எவ்வளவு பிழை காட்டலாம் என்பதற்கு எங்களிடம் அட்டவணை உண்டு; இதற்கு இல்லை. ஆகவே ஒன்று கழித்தேன். கழித்தால் காரணம் எழுத வேண்டும். மூச்சு என்று எழுதினேன்.

புதுத் தட்டைக் கேட்டேன். அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. எண் நான்கை எனக்கு அனுப்பு, கொசு. வெள்ளை உறையில் இருந்த பழைய தட்டு. நான்காம் விதியை இத்துடன் ரத்து செய்கிறேன். அதைத் திருப்பித் தர மாட்டேன்.

இக்கடிதத்தை அவனிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

உன் அண்ணன்


செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அண்ணி பத்திரமாக வந்து சேர்ந்தாள். என்றைக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கட்டும் என்று கேட்டேன். முழங்காலைக் காட்டினாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தாயும் பிள்ளையும் மாடியில்தான் இருக்கிறார்கள். முழங்கால் வலிக்கு மாடி எப்படிச் சரிப்படுகிறது என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை.

எண் நான்கு இல்லை, அண்ணா. உன் அட்டை வந்த வாரத்திலேயே தட்டை என்னிடம் கேட்டு வாங்கினான். என் மெழுகுப் பல் செதுக்கும் கத்தியையும் கேட்டான். எதற்கு என்றேன். தட்டின் மேல் குறுக்காக இரண்டு கோடு வெட்டினான். "அப்பா ஆபீஸ்ல தேறாத எடைக்கல்லை இப்படித்தான் செய்வாங்க அத்தை. சின்ன வயசுல கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கார். வெட்டாம விட்டா யாராவது எடுத்துப் பயன்படுத்திடுவாங்களாம்" என்றான். பிறகு கத்தியைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தான். உன் பிள்ளை, வேறென்ன. நீ ஜூனில் ஆவணத்துக்காகக் கேட்டபோது இதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் பதிலே போடவில்லை. ஸ்டூடியோவில் விசாரித்தேன். புதியது எடுத்ததும் பழையதை அழித்துவிட்டார்களாம். அவன்தான் அழிக்கச் சொன்னானாம்.

உன் கடிதத்தைக் காட்டினேன். நீ விருப்பம் என்று விட்டது தப்பு. வேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டும். நானும் காட்டியிருக்கக் கூடாது. எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தான். முடித்ததும், "தெரிஞ்சேவா?" என்றான். கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினான். "தெரியாம போட்டாருன்னு நெனச்ச வரைக்கும் பரவாயில்லையா இருந்துச்சு அத்தை" என்றான்.

இதை மறைத்து எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீயாக இருந்தால் மறைக்க மாட்டாய் என்று எழுதிவிட்டேன்.

இனிமேல் தட்டு அனுப்பட்டுமா, வேண்டாமா? எண் ஐந்து என் மேசையில் இருக்கிறது.

கொசு


அக்டோபர் 12

அன்புள்ள கொசுவுக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். அங்கு நீங்கள் நால்வரும் நலமாக இருப்பீர்கள்.

எண் ஐந்தை அனுப்ப வேண்டாம். ஹெட்போனைப் பெட்டியில் வைத்துவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது அது எதற்கு?

உன் அண்ணி புறப்பட்ட நாளில் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது என் மேசையில் ஓர் அட்டை இருந்தது. மூன்றாண்டுக்கு முன் நான் எழுதிய அதே அட்டை, ஏழு என்று. மூலைகூட மடங்காமல் வைத்திருந்திருக்கிறாள். பின்புறம் ஏதேனும் எழுதியிருக்கிறாளா என்று திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை.

அவன் அனுப்பிய புதுத் தட்டுக்கும் ஓர் அட்டை எழுதினேன். "பாடியவர் தெரிந்தவர். மதிப்பெண் இடப்படவில்லை." விதிப்படி தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. அட்டையையும் அனுப்பவில்லை. அவன் மறுமதிப்பீடு கோரவில்லையே.

ஆறாம் பாடலைப் பற்றி நான் எழுதியது தவறு. அதை உன் அண்ணியிடம் நீ சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரியும்.

தினமும் அலுவலகத்திலிருந்து வந்து, முகம் கழுவி, நாற்காலியை ஒலிபெருக்கிக்கு நேரே போட்டு நான்காம் பாடலை வைக்கிறேன். புதுப் பதிவில் பிழை கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் அடி முடிகிறது. அதன் பின் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி. ஸ்டாப்வாட்சில் அளந்தேன். முன்பு மூச்சு இருந்த அதே நீளம். ஒன்றும் இல்லாமல், நான் கேட்டுக்கொண்டபடியே, சுத்தமாக இருக்கிறது.

அந்த இடம் வந்ததும் மூச்சை நான் இழுக்கிறேன். இழுத்து முடித்தபின் அவன் மூன்றாம் அடியைத் தொடங்குகிறான்.

அண்ணன்